கஞ்சி போட்ட துணியும் கறுப்புக் காரும்

பையைத் திறந்து துணியை எடுத்தேன். துணி தொங்கவில்லை. நின்றது.

துணி என்றால் எடுத்தவுடன் விரலிடுக்கில் வழிய வேண்டும். இது அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, அழுத்தி இஸ்திரி போட்டிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சோற்றுக் கஞ்சி.

எனக்குப் பின்னால் துரை கறுப்புக் காரின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி நுரையை இறக்கிக்கொண்டிருந்தான். நுரை இறங்கியதும் அவன் விலகிக்கொள்வான். அதற்கப்புறம் வண்டி என் கைக்கு வரும். அந்த ஒரு காலைப் பொழுதுக்காக ஒரு வாரமாகக் காத்திருந்தேன். அது வந்தபோது என் கையில் இருந்தது ஈரம் உறிஞ்சும் துணி இல்லை, அப்பளம்.

போன வாரம் கொச்சியில் இறால் உரித்துக்கொண்டிருந்த என்னை இந்த வாரம் திடீரென்று பெங்களூரில் பார்க்கிறீர்கள். இந்தத் தொடரை வருஷ வரிசையில் எழுதினால் வாசகர்களுக்கு வசதி என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிப் பார்த்தார். நான் வாழ்ந்ததே வரிசையில் இல்லை. எழுத மட்டும் எங்கே வரிசை வரும்? இறால் கிடக்கட்டும். இந்தக் காரைத் துடைத்துவிட்டு வருகிறேன்.

கடைசிக் கை

எட்டாம் வகுப்போடு பாலக்கோட்டை விட்டுக் கிளம்பியவள் நான். அதற்கப்புறம் எந்த ஊரிலும் வேர் விடவில்லை. திருப்பூரில் பனியன் பிசிறு வெட்டினேன். கிருஷ்ணகிரியில் பேட்டரிக் கடையில் இருந்தேன். மைசூரில் ஓட்டல் அண்டா தேய்த்தேன். சம்பளம் கொடுக்காத இடமும் உண்டு, சோறு கொடுத்து அடித்த இடமும் உண்டு. அதையெல்லாம் முன்பே எழுதிவிட்டேன். பிடிக்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். பிடித்திருந்தாலும் சில நேரம் ஏறியிருக்கிறேன். கால் அப்படி.

இப்படிச் சுற்றியதில் ஒன்று நடந்தது. எந்த இடத்திலும் எனக்குக் கிடைத்தது முதல் வேலைதான். ஊற வைப்பது, உரிப்பது, சுரண்டுவது, தேய்ப்பது. பனியனுக்கு முத்திரை ஒட்டி அட்டைப்பெட்டியில் வைப்பது வேறொருத்தி. அண்டாவை நான் தேய்ப்பேன், அதில் வெந்த பிரியாணியை இலையில் போடுவது வேறொருவர். ஒரு பொருள் ஆள் கைக்குப் போவதற்கு முன்னால் கடைசியாகத் தொடும் கை என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கையாக நான் ஒரு நாளும் இருந்ததில்லை. அது வரும்வரை எங்கேயும் நான் நின்றதில்லை என்பதும் உண்மை.

வைட்ஃபீல்டில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு கார் கழுவும் இடத்தில் சேர்ந்தேன். அங்கேயும் அதே கதை. எனக்குக் கொடுத்தது வண்டிக்கு உள்ளே. மிதியடியை உதறுவது, சீட்டுக்கு அடியில் மெஷினை விட்டுத் தூசி இழுப்பது, குழந்தைகள் கொட்டிய பிஸ்கட் தூளையும் ஒட்டிக்கொண்ட சூயிங் கம்மையும் எடுப்பது. நாள் முழுக்கக் குனிந்தே இருப்பேன். சாயங்காலம் நிமிர்ந்தால் முதுகு சத்தம் போடும்.

வெளியே, கூரைக்குக் கீழே, வண்டியின் மேல் ஈரத்தை எடுத்துப் பளபளவென்று நிறுத்திச் சாவியைக் கொடுப்பது துரையின் வேலை. ஆரணிக்காரன். நல்ல உயரம். கையை நீட்டினால் காரின் நடுமண்டை எட்டும். வண்டிக்காரர்கள் அவனிடம்தான் "சூப்பர்பா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உள்ளே பிஸ்கட் பொறுக்கியவளை யாரும் தேட மாட்டார்கள்.

தண்ணீர் போய்விடும், உப்பு நிற்கும்

கார் வைத்திருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கார் கழுவுவது பெரிய வித்தை இல்லை. காய வைப்பதுதான் வித்தை. வைட்ஃபீல்டு பக்கம் போர் தண்ணீர் அவ்வளவு கடினம். வாளியில் பிடித்து வைத்தால் ஓரத்தில் வெள்ளை கட்டும். தலைக்கு ஊற்றினால் முடி நாராகும். அந்தத் தண்ணீர் வண்டிமேல் ஒரு சொட்டு நின்று காய்ந்தால், தண்ணீர் காற்றோடு போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு போகாது. வட்டமாக உட்கார்ந்துவிடும். வெயிலில் நிறுத்தினால் சுட்டு ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக் காரில் தெரியாது. சாம்பல் நிறத்தில் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். கறுப்பில் அம்மை போட்டது மாதிரி இருக்கும்.

அதனால் சூடான வண்டியைக் கழுவக் கூடாது. நிழலில்தான் நிறுத்த வேண்டும். மேலிருந்து கீழே வர வேண்டும். துணியைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஈரத்தின் மேல் பரப்பி மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு துணி ஈரம் குடித்துவிட்டால் அடுத்த துணி. கதவுக் கைப்பிடி, பக்கக் கண்ணாடி, நம்பர் பலகை, இந்த இடுக்குகளில் தண்ணீர் ஒளிந்துகொண்டு எல்லாம் முடிந்ததும் வழியும். அதை முதலிலேயே காற்றடித்து விரட்ட வேண்டும்.

இதையெல்லாம் யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. வண்டிக்குள் குனிந்திருந்தபோது ஜன்னல் கண்ணாடி வழியாகத் துரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் எங்கே அவசரப்படுகிறான் என்பதும் தெரிந்துபோயிற்று.

ஒரு நாள் துரை, பள்ளிக்கூட வேன் ஓட்டப் போவதாகச் சொன்னான். மேற்பார்வை பார்க்கும் மஞ்சண்ணா வெளியாள் தேட ஆரம்பித்தார். மஞ்சண்ணா கோலார் பக்கத்துக் கன்னடக்காரர். இங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் தமிழர் என்பதால் அவருடைய தமிழ் நன்றாகவே ஓடும், நடுநடுவே கன்னடத்தில் தடுக்கி விழும்.

நான் போய் நின்றேன்.

"அந்த வேலைய எனக்குக் குடுங்கண்ணா."

"நீயா? அய்யோ சாந்தம்மா, உனக்கு மேலே கை எட்டுமா?"

"ஸ்டூல் எட்டும்ணா."

துரை சிரித்தான். "குடு மஞ்சண்ணா. எக்கா ஸ்டூல்மேல ஏறி நின்னா வர்ற கஸ்டமருங்க சாமி சிலைன்னு கும்புட்டுட்டுப் போவாங்க."

மஞ்சண்ணா சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "கறுப்பு வண்டி சார் சனிக்கிழமை வர்றாரு. அவரு வண்டியை நீ காய வை. ஒரு வட்டம் இருந்தாலும், நீ உள்ளேயே இருந்துக்கோ. சரியா?"

கறுப்பு வண்டி சார் என்றால் எல்லோருக்கும் பயம். அவர் கத்த மாட்டார். திட்ட மாட்டார். குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராகத் தலையைச் சாய்த்து, பானெட்டைப் பார்ப்பார். போன முறை இரண்டு வட்டம் கண்டுபிடித்து, அமைதியாகச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "திரும்பப் பண்ணிடுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய வண்டியில்தான் அவர் வீட்டு மாப்பிள்ளை அழைப்பு.

ஸ்டெல்லாவின் மரியாதை

சிவாஜிநகர் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால், ஒரு அறையில் நானும் ஸ்டெல்லாவும் இருந்தோம். கீழே கறிக்கடை. காலையில் கத்தி தீட்டும் சத்தத்தில்தான் எழுந்திருப்போம்.

ஸ்டெல்லா அந்தக் கோயிலில் பீடத்துத் துணிகளை வெளுத்துக் கொடுப்பவள். மூன்று தலைமுறையாகக் கன்டோன்மென்ட் பக்கத்துக் குடும்பம். அந்தப் பக்கத்துப் பேச்சில் ஆண், பெண் எல்லோருமே 'மேன்'தான். அவள் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த துணியைப் பீடத்தில் விரித்தால் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். பெருநாளில் சாமியார் பிரசங்கம் செய்வதைக்கூட அவள் கேட்க மாட்டாள், துணியின் மடிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு வேலையில் எவ்வளவு பெருமை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

கறுப்புக் காருக்காக நான் துணி சேர்த்திருந்தேன். பழைய ஈரிழைத் துண்டுகள், கட்டிக் கட்டி நைந்த வேட்டித் துண்டுகள். துவைக்கத் துவைக்க மென்மையானவை. வைத்தால் தண்ணீரைத் தானே இழுக்கும். கடையில் விற்கும் பஞ்சு மாதிரியான துணியும் நல்லதுதான். எங்கள் இடத்தில் இருந்தவை எல்லாம் பாலிஷ் ஏறிப்போனவை. ஈரத்தை எடுக்காமல் கோடு இழுக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்கப் போகும்போது ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "நாளைக்கு எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்கடி. என் கையைத்தான் பாப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் அதை மனசில் போட்டுக்கொண்டாள். நான் எழுவதற்கு முன்பே எழுந்து, பீடத்துத் துணிக்கு வைத்திருந்த கஞ்சியில் என் துணிகளை நனைத்து, இஸ்திரிப் பெட்டியாலேயே சுடச்சுடக் காய வைத்து, மடித்துப் பையில் வைத்துவிட்டாள். நான் பையைப் பார்க்காமலேயே தோளில் மாட்டினேன். வாசல்வரை வந்து சிலுவை போட்டு அனுப்பினாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அந்தச் சிரிப்பு எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

பையைத் திறந்ததும் புரிந்தது. கந்தல் துணியைப் பலர் முன்னால் நான் எடுத்து உதறினால் எனக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்திருக்கிறாள்.

கஞ்சி போட்ட துணியை ஈரமான கறுப்புக் காரின் மேல் வைத்தால் என்ன ஆகும்? கூழ்தான். பானெட்டில் கோலமே போடலாம்.

பேட்டரிக் கடைக் குவளை

இந்த இடத்தில் நான் கிருஷ்ணகிரிக்குப் போய்வர வேண்டும். அதிக நேரம் ஆகாது.

பேட்டரிக் கடையில் லாரி பேட்டரிகளுக்குத் தண்ணீர் நிரப்புவது என் வேலை. அதற்குச் சாதாரணத் தண்ணீர் ஆகாது, காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். அமிலம் தெறித்துச் சேலையெல்லாம் ஓட்டை. இருந்ததே இரண்டு சேலைதான், ஓட்டையோடுதான் கட்டினேன். அங்கே இரண்டு கண்ணாடிக் குவளைகள் இருக்கும். ஒன்று நான் குடிக்க, ஒன்று பேட்டரிக்கு ஊற்ற. குடிக்கும் குவளையைக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் வெள்ளை வளையம் இருக்கும். பேட்டரிக் குவளையை நான் துடைத்ததே இல்லை. அது எப்போதும் புதுசு மாதிரி இருக்கும். தண்ணீரில் ஒன்றும் இல்லை, அதனால் காய்ந்த பிறகும் ஒன்றும் இல்லை. அந்தக் கடை முதலாளி கஞ்சன். வெயில் காலத்தில் பாட்டில் வாங்காமல், மாடியிலிருந்த ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வரச் சொல்வார். அதுவும் அதே மாதிரிதான், குவளையில் கறை விடாது.

வைட்ஃபீல்டில் எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனிக் கட்டடம். வரிசையாக ஏ.சி. குழாய்கள் எங்கள் பக்கம் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த வாரம் முழுக்க வாளிகளை வைத்துப் பிடித்தேன். தூசி போக வடிகட்டி, குடிதண்ணீர் கேன்களில் நிரப்பி வைத்தேன். கடைசியாக ஒரு முறை அதை ஊற்றிப் போர் தண்ணீரைக் கழுவித் தள்ளிவிட்டு, அப்புறம் என் துணியால் ஈரத்தை எடுப்பது என்பதுதான் என் திட்டம்.

திட்டத்தில் பாதி கேனில் இருந்தது. மீதிப் பாதி அப்பளமாகிவிட்டது.

கை கட்டி நின்ற நேரம்

துரை குழாயை மூடினான். "எக்கா, வண்டி உன்னுது."

"துரை, உங்கிட்ட நல்ல துணி இருக்கா?"

"பாலிஷ் துணிதான்கா இருக்குது. ஏன், உன்னுது இன்னா ஆச்சி?"

அவன் என் கையைப் பார்த்தான். தொட்டுப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். டொக்கென்று கேட்டது. "இன்னாக்கா இது, கல்யாணப் பத்திரிகையா?"

துணியை அலசிப் பிழியலாம். கஞ்சி முழுசாக விட வெந்நீர் வேண்டும், நேரம் வேண்டும். அதற்குள் வண்டிமேல் இருக்கும் போர் தண்ணீர் காய்ந்து வட்டம் கட்டிவிடும். மஞ்சண்ணாவிடம் போய் நாளைக்குச் செய்கிறேன் என்றால் நாளைக்குக் கறுப்பு வண்டி வராது. துரையின் இடத்துக்கு வெளியாள் வருவான். நான் மறுபடியும் சீட்டுக்கு அடியில் பிஸ்கட்.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற எண்ணம் வந்தது என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள். வந்தது. துணியை அப்படியே இடது கையில் பிடித்துக்கொண்டேன். வலது கையால் காற்றுக் குழாயை எடுத்தேன்.

முதலில் இடுக்கெல்லாம் காற்றடித்தேன். கைப்பிடி, நம்பர் பலகை, டிக்கியின் ஓரம், பெட்ரோல் மூடி. ஒளிந்திருந்த தண்ணீர் தூவானமாகப் பறந்தது. அப்புறம் ஸ்டூலில் ஏறினேன். செடிக்கு ஊற்றும் பூவாளியில் ஏ.சி. தண்ணீரை நிரப்பி, சல்லடை மூடியைக் கழற்றிவிட்டு, காரின் கூரை நடுவிலிருந்து மெதுவாக ஊற்றினேன். பீய்ச்சினால் தண்ணீர் உடைந்து சொட்டுச் சொட்டாக நிற்கும். மெதுவாக ஊற்றினால் ஒரே விரிப்பாக வழிந்து, போகும்போது மற்றத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். கேன் கேனாக ஊற்றினேன்.

"மஞ்சண்ணா, சீக்கிரம் வா! எக்கா காருக்கு அபிஷேகம் பண்ணுது!"

மஞ்சண்ணா வந்தார். அவர் பின்னாலேயே, காத்திருக்கும் அறையிலிருந்து கறுப்பு வண்டி சாரும் டீ டம்ளரோடு வந்தார்.

மறுபடியும் காற்றுக் குழாய். தூரத்தில் பிடித்து, மேலிருந்து கீழே தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வந்தேன். முக்கால்வாசி போய்விட்டது. மீதி, கடுகு மாதிரிச் சொட்டுகள், பானெட்டிலும் கூரையிலும் பரவி நின்றன. காற்றுக்கு நகரவில்லை.

குழாயை அணைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏனம்மா, தொடைக்கல்லவா?" என்றார் மஞ்சண்ணா.

"வேணாம்ணா."

"வேணாமா? சொட்டு நிக்குது, நோடு! பேக பேக, தொடை!" பதற்றத்தில் கன்னடம் வந்துவிட்டது, பார், சீக்கிரம் சீக்கிரம் என்கிறார்.

"காயட்டும்ணா."

"காஞ்சா வட்டம் ஆகும்! இது தெரியாதா உனக்கு? கையில துணி வெச்சுக்கிட்டு எதுக்கு நிக்குற?"

துரை சும்மா இருப்பானா? "அது சும்மா காட்டுறதுக்குதாண்ணா. அந்தத் துணிய பிரிச்சா ஒடஞ்சிடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கறை விடாத குவளையை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் குவளை வேறு, கார் வேறு. ஏதாவது ஒரு மூலையில் போர் தண்ணீர் மிச்சமிருந்தால் முடிந்தது. சார் டம்ளரைப் பிடித்தபடி நின்றார். டீயைக் குடிக்கவில்லை. மெட்ரோ பாலத்தில் ரயில் ஒன்று போனது. யாரோ ஹாரன் அடித்தார்கள். கடுகுச் சொட்டுகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின.

முதலில் காய்ந்தது பானெட்டின் நடுவே ஒரு சொட்டு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தது, சிறிதானது, இல்லை. அது நின்ற இடம் எதுவென்று கேட்டால் என்னாலேயே காட்ட முடியாது.

அப்புறம் அடுத்தது. அதற்கடுத்தது. தலைக்கு மேலிருந்த கூரையின் நிழல் பானெட்டில் அப்படியே விழுந்தது. அதில் துரையின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

சார் டம்ளரைக் கீழே வைத்தார். குனிந்தார். தலையைச் சாய்த்தார். முன்பக்கம் பார்த்தார், டிக்கியைப் பார்த்தார், கூரையை எம்பிப் பார்த்தார். ஓட்டுநர் கதவுக்கு வந்து நின்றார்.

அங்கே, பக்கக் கண்ணாடிக்குக் கீழே, மெல்லியதாக ஒரு கோடு வழிந்துகொண்டிருந்தது. எல்லா இடுக்கையும் காற்றடித்த நான் அந்தக் கண்ணாடியின் பின்பக்கத்தை விட்டுவிட்டேன். உள்ளே ஒளிந்திருந்த போர் தண்ணீர், எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து இறங்கியது.

என் கையிலிருந்த துணி உதவாது. கையால் துடைத்தால் ரேகை விழும். நான் வாயைத் திறப்பதற்குள் மஞ்சண்ணா தன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அவர் நெற்றி வேர்வையைக்கூடச் சட்டைக்கையால்தான் துடைப்பார், அந்தக் கைக்குட்டை மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. அதை விரித்து, கோட்டின் மேல் வைத்து, தேய்க்காமல், தன் பக்கம் மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"சார், பாத்துக்குங்க. சாந்தம்மா வேலை," என்றார்.

சார் என்னைப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா," என்று சாவிக்காகக் கையை நீட்டினார். மஞ்சண்ணா சாவியை அவரிடம் கொடுக்கவில்லை. என் கையில் வைத்தார். நான் கொடுத்தேன்.

பேப்பரில் பேர் வருவது, பரிசு வாங்குவது எல்லாம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சாவி என் உள்ளங்கையிலிருந்து இன்னொருவர் உள்ளங்கைக்குப் போனபோது எப்படி இருந்தது என்று தெரியும். கறுப்புக் கார் கேட்டைத் தாண்டிச் சாலையில் திரும்பும்வரை நின்று பார்த்தேன். ஊரே அதில் தெரிந்தது.

ஒரு சொட்டும் படவில்லை

திங்கட்கிழமையிலிருந்து கூரைக்குக் கீழே ஸ்டூல் எனக்கு. இதை எழுதும்போதும் நான் அங்கேதான் இருக்கிறேன். என் கணக்கில் இது பெரிய ஆச்சரியம். கறுப்பு வண்டிக்கு மட்டும் ஏ.சி. தண்ணீர். மற்ற வண்டிகளுக்குத் துணிதான். துணியை நானே துவைக்கிறேன். துரை எப்போதாவது வேனை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, "எக்கா, அப்பளம் கெடைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அறைக்குப் போனேன். ஸ்டெல்லா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு? குடுத்தாங்களா?"

"குடுத்துட்டாங்க."

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உடனே விட்டுவிட்டு, என் பையை வாங்கினாள். துணிகளை எடுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரம் கத்தி மாதிரி அப்படியே நின்றது. மடிப்புக் கலையவில்லை, அழுக்குப் படவில்லை.

அவள் முகம் மாறியது. "தொடைக்கலயாடி நீ?"

"இல்ல."

"ஏன்? சரியா வரலையா?"

துணியை அவள் கையிலிருந்து வாங்கி, எங்கள் அலமாரியில், அவளுடைய பீடத்துத் துணிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இவ்ளோ நேர்த்தியா மடிச்சிருக்கே, எனக்குப் பிரிக்கவே மனசு வரல ஸ்டெல்லா. கையிலேயே வெச்சிருந்தேன். எல்லாரும் அதைத்தான் பாத்தாங்க."

"பாத்தாங்களா?" என்றாள். சிரிப்பு திரும்ப வந்தது. "அப்பவே நெனச்சேன் மேன்."